எந்த ரூபாய்?

ஒக்டோபர் மாதத்து ஒரு திங்கட்கிழமை, கொழும்பிலிருந்து வந்த கடிதத்தைப் பிரித்து வாசித்த பீற்றிஸ் பஸ்தியாம்பிள்ளை, இரண்டாவது பந்தியில் தன் பெயரைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டாள். பக்கத்து மேசைத் தட்டெழுத்துக்காரி நிமிர்ந்து பார்த்தாள். பீற்றிஸ் மறுபடி உட்கார்ந்து கடிதத்தை முதலிலிருந்து வாசித்தாள்.

1966ஆம் ஆண்டு அது. அவளுக்கு வயது முப்பத்தொன்று. மட்டக்களப்புக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், புள்ளிவிபரப் பகுதி எழுதுவினைஞர். நெல் விளைச்சல், மாடுகளின் தொகை, மீன்பிடி வள்ளங்களின் தொகை என்று எண்ணக்கூடியதெல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும். இரண்டு வருடமாக அவற்றோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது. வெளிநாட்டில் உள்ளவர்களுக்கு இங்குள்ள வியாபாரிகள் எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கிறது என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேட்டு எழுதி அனுப்ப வேண்டும். தேயிலையும் தேங்காயும் விற்று வருகிற காசைவிட நாடு வெளியே பட்டிருக்கும் கடன் கூடிக்கொண்டு போனால், அடுத்த வருடம் துணியோ மருந்தோ மாவோ குறையும். அதை முன்கூட்டி அறிவதற்கு இந்தத் தொகைதான் குறி என்று கொழும்பிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் அவளுக்கு விளக்கியிருந்தார். மாவட்டம் முழுவதிலும் பதினொரு வியாபாரிகள் அப்படிக் கடன் வைத்திருந்தார்கள். பதினொரு படிவங்கள்.

அந்தப் பதினொன்றில் ஒன்றைப் பற்றித்தான் கடிதம். காத்தான்குடியில் கைத்தறிப் பட்டறை வைத்திருக்கும் பதியுதீன் என்பவர், தூத்துக்குடி நூல் வியாபாரி ஒருவருக்குக் கொடுக்க வேண்டியது டிசம்பர் முடிவில் ரூ. 18,400 என்று காட்டியிருந்தார். ஜூன் முடிவில் அது ரூ. 11,684 ஆகியிருந்தது. இடையில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப அவருக்கு எந்த அனுமதியும் வழங்கப்படவில்லை. அப்படியானால் 6,716 ரூபாய் எந்த வழியால் நாட்டைவிட்டுப் போனது? படிவத்தை நேரில் சென்று சரிபார்த்ததாகக் கையொப்பமிட்ட மிஸ் பஸ்தியாம்பிள்ளை பதினான்கு நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். இல்லாவிட்டால் விஷயம் வெளிநாட்டுச் செலாவணிக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்குப் போகும்.

பீற்றிஸ் நேரில் போகவில்லை.

மற்றப் பத்துப் பேரிடமும் போயிருந்தாள். ஓகஸ்டில் காத்தான்குடிக்குப் போக வேண்டிய கிழமையில்தான் அவளுடைய தாய் செபஸ்தியம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு வெடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பதியுதீனின் மகள் ஸஹீதா படிவத்தைத் தானே நிரப்பி, பஸ்ஸேறி, கச்சேரியில் கொண்டுவந்து கொடுத்தாள். அழகான எழுத்து, ஒரு அழிப்புக் கூட இல்லை. பீற்றிஸ் ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுபோகும் அவசரத்தில், "நேரில் சென்று கணக்குப் புத்தகத்துடன் ஒப்பிட்டேன்" என்ற அச்சு வரிக்குக் கீழே கையொப்பம் வைத்தாள்.

அடுத்த நாள் காலை அவள் காத்தான்குடி பஸ்ஸில் இருந்தாள்.

பதியுதீனின் பட்டறை கடற்கரைப் பக்கம் போகும் ஒழுங்கையில் இருந்தது. பன்னிரண்டு தறிகளில் ஐந்தே ஐந்து ஓடிக்கொண்டிருந்தன. நூல் வராத காலம். இந்தியாவிலிருந்து நூல் இறக்க அனுமதி நின்று மூன்று வருடமாகிவிட்டது. கூட்டுறவுச் சங்கம் பங்கிட்டுக் கொடுக்கும் நூலை வைத்து இடுப்பில் கட்டும் சாரன் நெய்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள்.

பதியுதீன் ஐம்பத்தைந்து வயது மனிதர், மெலிந்தவர். கச்சேரியிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்றதும் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வாங்க மிஸ், வாங்க. இரிங்க. புள்ள ஸஹீதா, மிஸ்ஸுக்கு ஒரு கதிர கொண்டா."

பீற்றிஸ் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்காமல் கடிதத்தின் சாரத்தைச் சொன்னாள். சொல்லி முடிக்குமுன்பே அவருடைய முகம் கறுத்துவிட்டது.

"அல்லாஹ்வே! நான் ஒரு சதம் அனுப்பல்ல மிஸ். தோணியிலயும் அனுப்பல்ல, களவா உண்டியல்காரர்ட்டக் குடுத்தும் அனுப்பல்ல. குர்ஆன்ல கை வெச்சிச் சொல்றன்."

"நீங்க அனுப்பினீங்க எண்டு நான் சொல்லல்ல முதலாளி. கடன் குறைஞ்சிருக்கு. எப்பிடிக் குறைஞ்ச எண்டு கேக்கிறாங்க. நான் அதுக்குப் பதில் எழுத வேணும்."

அவர் உள்வாசலில் நின்றிருந்த மனைவி ஆயிஷா உம்மாவைத் திரும்பிப் பார்த்தார். ஆயிஷா உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னுக்கு வந்தாள்.

"மிஸ், வாற வருசம் ஹஜ்ஜுக்குப் போக நாங்க ரெண்டு பேரும் எழுதிப் போட்டிரிக்கம். காசு மாத்துறத்துக்குப் பேர் குடுத்தாச்சி. இப்பிடியொரு முறைப்பாடு போனா எங்கட பேர வெட்டிருவாங்களா?"

பீற்றிஸுக்கு இது புதுச் செய்தி. ஹஜ் பயணிகளுக்குச் செலாவணி கொடுப்பதும் அதே அதிகாரிகள்தான். களவாகக் காசு கடத்தியவர் என்று ஒரு பெயர் அங்கே போய்ச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அதை வாய்விட்டுச் சொல்ல மனம் வரவில்லை.

"முதல்ல என்ன நடந்த எண்டு பாப்பம், ராத்தா" என்றாள்.

அப்போதுதான் ஸஹீதா வாய் திறந்தாள். இருபத்துநான்கு வயது. எஸ்.எஸ்.சி. சித்தியடைந்தவள். பட்டறைக் கணக்கெல்லாம் அவள் கையில்.

"அந்தக் கணக்க எழுதின நான்தான் மிஸ். வாப்பாவுக்குக் கணக்கு எழுதத் தெரியா. ஜூன் மாசம் ரேடியோவுல சொன்னாங்களே, இந்தியா ரூபாட பெறுமதியக் குறைச்சிட்டாங்க எண்டு. முந்தி நம்மட நூறு ரூபாவுக்கு அவங்கட நூறு ரூபா. இப்ப அவங்கட நூறு ரூபாவுக்கு நம்மட அறுபத்து மூண்டர ரூபா காணும். படிவத்துல இலங்கை ரூபாவுல எழுதச் சொல்லித்தானே அச்சடிச்சிரிக்கி? பதினெட்டாயிரத்து நானூற அறுபத்து மூண்டரயால பெருக்கி நூறால பிரிச்சன். பதினோராயிரத்து அறுநூத்து எண்பத்து நாலு."

பீற்றிஸ் கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, கடித உறையின் பின்புறத்தில் தானும் பெருக்கிப் பார்த்தாள். சரியாக வந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நேற்றிலிருந்து நெஞ்சில் கிடந்த பாரம் ஒரேயடியாக இறங்கியதுபோல இருந்தது. ஒருவரும் ஒன்றையும் கடத்தவில்லை. கடன் இருந்த இடத்திலேயே இருந்தது, காசின் பெறுமதிதான் இறங்கியிருந்தது.

"இவ்வளவுதானா! இத நீங்க படிவத்துலயே ஒரு வரி எழுதியிருந்தா இந்தக் கரைச்சலே வந்திராதே."

"எழுத இடம் இல்ல மிஸ்."

"சரி. பில்லக் காட்டுங்க. இந்திய ரூபா எண்டு பில்லுல இருக்கிறதப் பாத்து எழுதிக்கொண்டு போனா விஷயம் முடிஞ்சிது."

ஸஹீதா தகரப் பெட்டியைக் கொண்டுவந்து நான்கு பில்களை எடுத்து விரித்தாள். மூன்று 1962ஆம் ஆண்டு, ஒன்று 1963. மேலே "அருமைநாயகம், நூல் வியாபாரம், தூத்துக்குடி" என்று அச்சிட்டிருந்தது. கீழே நூலின் இலக்கம், பொதிகளின் எண்ணிக்கை, தொகை. தொகைக்கு முன்னால் "ரூ." என்று மட்டும்.

பீற்றிஸ் நான்கையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இந்திய ரூபாய் என்றும் இல்லை, இலங்கை ரூபாய் என்றும் இல்லை. இரண்டும் ஒரே பெறுமதியாக இருந்த காலத்தில் எழுதியவை. எந்த ரூபாய் என்று எழுத வேண்டிய தேவையே அன்று யாருக்கும் இருக்கவில்லை.

"முதலாளி, பேசின நேரம் எந்தக் காசு எண்டு பேசினீங்க?"

பதியுதீன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரூபா எண்டுதான் பேசின. எந்த ரூபா எண்டு ஆரு கேட்ட?"

"ஜூனுக்குப் பிறகு அவருக்குக் கடிதம் போட்டீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

வெளியே தறிக்காரர்களும் கையை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பது தெரிந்தது. அவர் மெல்லிய குரலில் சொன்னார்:

"பயம்தான் மிஸ். மகள் கணக்குப் பாத்துச் சொன்ன அண்டு எனக்கு நித்திர வந்த. மூணு வருசத்துக்குப் பொறகு அண்டுதான் நல்ல நித்திர. கிட்டத்தட்ட ஏழாயிரம் ரூபா குறைஞ்சி போச்சி எண்டா சும்மாவா? அவருக்கு எழுதினா, 'அது உங்கட ரூபாவுலதான் பேசின' எண்டு அவர் சொல்லிப் போட்டா? அவர் சொன்னா நான் இல்லயெண்டு சொல்ல ஏலா. அதான் பேசாம இரிந்துட்டன்."

ஆயிஷா உம்மா கணவரை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கும் இது இப்போதுதான் தெரிகிறது என்பது முகத்தில் தெரிந்தது.

"கடன் தந்த மனிசன்ட முகத்துக்குப் பயந்து ஒளிச்சிக்கிட்டா கஃபத்துல்லாவப் பாக்கப் போறீங்க? பயணத்துக்கு முந்தி அவருக்கிட்ட உத்தரவு கேக்காம எப்பிடிப் போற? எழுதுங்க. அவர் எந்த ரூபா எண்டு சொல்றாரோ அந்த ரூபா. நம்மளுக்கு விதிச்சது அதுதான்."

பதியுதீன் எழுந்து கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவர் சொல்லச் சொல்ல ஸஹீதா எழுதினாள். சலாம் சொல்லி நலம் விசாரித்த பிறகு, நூலுக்குக் கொடுக்க வேண்டியது பதினெட்டாயிரத்து நானூறு என்பதை ஒப்புக்கொள்வதாகவும், அரசாங்கம் அனுமதிக்காததால் அனுப்ப முடியவில்லை என்றும், அது எந்த நாட்டு ரூபாய் என்று அவர் நினைக்கிறாரோ அதை எழுதி அறிவிக்கும்படியும், கடன் இருக்கும்போதே ஹஜ்ஜுக்குப் போக அவருடைய சம்மதத்தை வேண்டுவதாகவும் எழுதினார்கள்.

திரும்பும் வழியில் பீற்றிஸே அதைத் தபால் கந்தோரில் விமானத் தபாலில் சேர்த்தாள். சேர்த்துவிட்டு வெளியே வந்து நின்றபோதுதான், இனித் தன்னுடைய பங்கு ஒன்று இருக்கிறது என்ற நினைவு வந்தது.

கச்சேரியின் பிரதம எழுதுவினைஞர் கதிர்காமத்தம்பி கடுமையான மனிதர். ஒரு புள்ளி பிழைத்தாலும் பைலைத் தூக்கி எறிவார். பீற்றிஸ் அவர் முன்னால் நின்று, கொழும்புக் கடிதத்தையும் தான் அறிந்ததையும் சொன்னாள். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு மிச்சத்தையும் சொன்னாள்.

"சேர், நான் ஓகஸ்டில அங்க போகல்ல. போனதாகக் கையெழுத்து வெச்சிட்டன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இத ஏன் இப்ப எனக்குச் சொல்றாய்? அந்தப் பிள்ளைட கணக்குச் சரியெண்டு சொல்றாயே. பேசாம எழுதிப் போட்டா ஒருத்தருக்கும் தெரியாது."

"பதியுதீன் முதலாளி உள்ளதச் சொல்லி எழுதின கடிதத்தத் தபால்ல சேத்துப்போட்டு வந்த நான்தானே சேர். நான் மட்டும் பேசாம இருந்தா எப்பிடி?"

"சம்பள ஏற்றத்துக்குப் பேர் போயிருக்கிற நேரம் இது. தெரியுமா?"

"தெரியும்."

கதிர்காமத்தம்பி சத்தம் போட்டார். பொய்க் கையொப்பம் வைத்தால் இந்தக் கணக்கெடுப்புக்கு என்ன மதிப்பு என்றார், இனிமேல் இவளுடைய ஒவ்வொரு படிவத்தையும் தானே பார்க்கப்போவதாகச் சொன்னார், அதை எழுத்தில் தா என்றார். அவள் எழுதிக் கொடுத்தாள். எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது, திட்டு வாங்கிய பிறகும் இப்படி மூச்சு இலேசாக இருக்குமா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

மாலையில் அவர் அவளைத் திரும்பக் கூப்பிட்டார். மேசையில் பதினொரு படிவங்களும் கிடந்தன.

"இதப் பார். இந்தியாவுக்குக் கடன்பட்டவங்க ஏழு பேர். பதியுதீன் ஒருத்தருக்குத்தான் குறைஞ்சிருக்கு. மத்த ஆறு பேருக்கும் டிசம்பர்ல இருந்த அதே தொக ஜூன்லயும் இருக்கு."

பீற்றிஸ் பார்த்தாள். அவளே போய் ஒப்பிட்டு எழுதிக்கொண்டு வந்தவை. எல்லோரும் பழைய புத்தகத்திலிருந்த தொகையை அப்படியே சொல்ல, அவளும் அப்படியே எழுதியிருந்தாள்.

"அப்ப பிழை அவருட்ட இல்ல, சேர்."

"ஓம். அந்தப் பிள்ளை சரியெண்டா, மிச்சம் ஆறும் பிழை. நீ போகாத இடத்துலதான் கணக்குச் சரியாயிருக்கு." சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்தது. அதை மறைக்க இருமினார். "ஆனா தூத்துக்குடியில இருந்து பதில் வராம ஒண்டும் எழுத ஏலாது. தவணை கேட்டு எழுது."

கொழும்பு நவம்பர் முடிவு வரை தவணை கொடுத்தது.

மாரி பிடித்துக்கொண்டது. நாள் முழுவதும் மழை. வாவித் தண்ணீர் ஏறிக் கோட்டைச் சுவரைத் தொட்டது. தபால் இரண்டு மூன்று நாள் பிந்தி வந்தது. பதியுதீன் வாரத்துக்கு இரண்டு தடவை கச்சேரிக்கு வந்து, பீற்றிஸின் மேசைக்கு அருகே நின்று, "ஒண்ணும் வரல்ல மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போவார். கடிதம் வருவதானால் அவருடைய வீட்டுக்குத்தான் வரும் என்பது இருவருக்கும் தெரியும். ஆனாலும் அதைச் சொல்ல அவருக்கு வேறு ஆள் இருக்கவில்லை. ஒருமுறை பீற்றிஸ் அவருக்குத் தேநீர் வருவித்துக் கொடுத்தாள்.

"அவர் பொல்லாத ஆளா, முதலாளி?" என்று கேட்டாள்.

"ஒருக்காத்தான் கண்டிரிக்கன். கொழும்புக்கு வந்த நேரம். செபமாலை போட்ட ஆள், உங்கட வேதக்காரர். சாப்பாட்டுக் கடையில எனக்கும் சேத்துக் காசு குடுத்தார்." தேநீரைக் கையிலேயே வைத்திருந்தார். "பொல்லாத ஆளெண்டா எனக்கு இவ்வளவு வெக்கம் வந்திராது."

நவம்பர் பதினேழாம் திகதி, மத்தியானத்துக்குச் சற்று முன்பு, பதியுதீன் நனைந்த குடையோடு உள்ளே வந்தார். ஸஹீதாவும் கூட வந்திருந்தாள். அவர் சட்டைக்குள்ளிருந்து ஒரு தடித்த உறையை எடுத்து மேசையில் வைத்தார். இந்திய முத்திரை. உறை திறக்கப்படவில்லை.

"காலையில வந்திச்சி மிஸ். வாப்பா உடைக்கவும் இல்ல, என்ன உடைக்க உடவும் இல்ல" என்றாள் ஸஹீதா.

"நீங்க படிங்க" என்றார் பதியுதீன். கதிரையில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

பீற்றிஸ் உறையைக் கிழித்தாள். தட்டெழுத்து இயந்திரம் நின்றது. கதிர்காமத்தம்பி தன்னுடைய அறைவாசலுக்கு வந்து நின்றார். அவள் கொஞ்சம் உரக்கவே வாசித்தாள்:

"அன்புள்ள பதியுதீன் அவர்களுக்கு, அருமைநாயகம் எழுதிக்கொண்டது. சேமம். உங்கள் கடிதம் கிடைத்ததும் நானும் என் மகனும் அதை மூன்று தடவை வாசித்தோம். நம்முடைய பாக்கி இந்திய ரூபாய் பதினெட்டாயிரத்து நானூறு. சரக்கு கப்பலேற்றிய நாளில் இங்கே சுங்கத்தில் கொடுத்த பத்திரத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அதன் நகல் இத்துடன் இருக்கிறது. உங்கள் சர்க்காருக்குக் காட்ட உதவும்."

பதியுதீன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பீற்றிஸ் தொடர்ந்தாள்.

"ஒன்று உங்களுக்குத் தெரியாது. அயல்நாட்டுக்கு அனுப்பிய சரக்குக்குப் பணம் ஏன் வரவில்லை என்று இங்கே என்னை இரண்டு வருஷமாகக் கேட்டுத் துளைக்கிறார்கள். பணத்தைக் கொழும்பிலேயே ஒளித்து வைத்திருக்கிறேன் என்று சந்தேகம். என்னுடைய ஏற்றுமதி லைசென்ஸைக்கூட நிறுத்தி வைத்துவிட்டார்கள். காட்டுவதற்கு என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. பணம் இன்னும் வரவேண்டியிருக்கிறது என்று நீங்களே கையெழுத்திட்டு எழுதியதைப் போன வெள்ளிக்கிழமை அவர்களிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஒப்புக்கொண்டார்கள். லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும். நீங்கள் பணம் அனுப்பியிருந்தால்கூட இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன் என்று என் மகன் சொல்கிறான். நான் அவ்வளவு தூரம் சொல்ல மாட்டேன். பணமும் வேண்டும். உங்கள் சர்க்கார் விடுகிறபோது, முடிந்த அளவில் அனுப்புங்கள். யாத்திரைக்கு எனக்கு முழுச் சம்மதம். போகிற இடத்தில் எங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்."

பீற்றிஸ் கடிதத்தை மடித்தாள். பதியுதீன் அப்போதுதான் கதிரையில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதார். ஸஹீதா அவருடைய முதுகைத் தடவிக்கொண்டே, "வாப்பா, நல்ல செய்திதானே வாப்பா" என்றாள். அவளுடைய கண்ணிலும் நீர் வழிந்தது.

"அந்த மனிசனும் கஷ்டத்துல இரிந்திரிக்கார்" என்றார் அவர், துண்டை எடுக்காமலே. "நான் எழுதாம இரிந்து அவர இன்னும் கஷ்டப்படுத்தியிரிக்கன்."

"இப்ப எழுதிட்டீங்கதானே" என்றாள் பீற்றிஸ்.

கதிர்காமத்தம்பி முன்னுக்கு வந்து சுங்கப் பத்திரத்தின் நகலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தொகைக்கு எதிரே இந்திய ரூபாய் என்று தெளிவாக எழுதியிருந்தது. மேலே முத்திரை.

"இங்க கடன் எண்டு எழுதினது, அங்க வரவேண்டியது எண்டு எழுதப்பட்டிருக்கு. ரெண்டு கரையிலயும் ஒரே தொக" என்றார். "இதுக்கு மேல கொழும்பு என்னத்தக் கேக்கிற?"

அன்று பின்னேரமே பீற்றிஸ் விளக்கம் எழுதினாள். முதலாவது பந்தியில், ஓகஸ்டில் தான் நேரில் போகாமல் கையொப்பமிட்டதை எழுதினாள். இரண்டாவதில் ரூபாயின் பெறுமதி குறைந்ததையும் ஸஹீதா போட்ட கணக்கையும் எழுதினாள். மூன்றாவதில், மற்ற ஆறு பேரின் தொகையும் திருத்தப்பட வேண்டியிருப்பதால் டிசம்பர் பத்தாம் திகதி வரை தவணை வேண்டும் என்று கேட்டாள்.

அடுத்த இரண்டு கிழமையும் அவள் குடையும் பைலுமாக அலைந்தாள். ஆறு பேரிடமும் பழைய பில்லும் சுங்கக் காகிதமும் பார்த்தாள். எல்லாம் இந்திய ரூபாய்தான். பெரும்பாலானவர்களுக்குத் தங்கள் கடன் குறைந்திருப்பதே தெரியாது. ஏறாவூரில் பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருந்த அசனார் என்பவர், அவள் சொன்னதை நம்பாமல் இரண்டு முறை பெருக்கச் சொன்னார். பிறகு கடைக்குள் பார்த்து, "இஞ்ச வாங்களன், கவுமேந்து நம்மட கடனக் குறைச்சிட்டுதாம்!" என்று சத்தம் போட்டார். அரசாங்கம் குறைக்கவில்லை, காசின் பெறுமதிதான் குறைந்தது என்று பீற்றிஸ் எவ்வளவு சொல்லியும் அவர் கேட்கவில்லை. அவளுக்கு ஒரு பித்தளைச் செம்பைக் கொடுக்கப் பார்த்தார். அதை மறுத்து வெளியே வருவதே பெரும்பாடாகிவிட்டது.

ஏழு பேரின் தொகையையும் கூட்டினாள். போன டிசம்பரில் ஒரு லட்சத்து நாலாயிரம் என்று அனுப்பிய கடன் அறுபத்தாறாயிரத்து நாற்பதாக வந்தது. மாவட்டம் இந்தியாவுக்குப் பட்ட கடன், ஒருவரும் ஒரு சதமும் கட்டாமலே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது.

டிசம்பர் கடைசியில் கொழும்பிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று கதிர்காமத்தம்பி மூலம் வந்தது. நேரில் போகாமல் கையொப்பமிட்டதற்காக மிஸ் பஸ்தியாம்பிள்ளை எழுத்தில் எச்சரிக்கப்படுகிறாள், அவளுடைய சம்பள ஏற்றம் ஆறு மாதம் பிந்தும். மற்றது அவள் பெயருக்கே வந்தது. ஆறு திருத்தங்களும் ஏற்கப்பட்டன, பதியுதீன் மீது எந்த நடவடிக்கையும் இல்லை, இனிமேல் வரும் படிவங்களில் கடன் எந்த நாட்டுக் காசில் என்று எழுத ஒரு தனி நிரல் சேர்க்கப்படும். கீழே அதிகாரி தன் கையாலேயே ஒரு வரி எழுதியிருந்தார்: மற்ற மாவட்டங்களின் தொகைகளையும் இதே கண்ணோடு பார்க்கச் சொல்லியிருக்கிறோம்.

பீற்றிஸ் இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தாயிடம் வாசித்துக் காட்டினாள். செபஸ்தியம்மா கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஆறு மாசச் சம்பள ஏற்றம் போச்சா?"

"போகல்ல அம்மா. பிந்தித்தான் வரும்."

"வேலைக்கு ஒண்டும் இல்லியே?"

"ஒண்டும் இல்ல."

"அப்ப மெழுகுதிரி ஒண்டு கொளுத்து" என்றாள் தாய். பீற்றிஸ் கொளுத்தினாள். அன்றைக்குத்தான் அவர்கள் வீட்டில், தாய் விழுந்த பிறகு முதல் தடவையாக, இறால் வாங்கிக் கறி வைத்தார்கள்.

ஜனவரியில் ஹஜ் பயணிகளின் பட்டியல் வந்தது. பதியுதீனின் பெயரும் ஆயிஷா உம்மாவின் பெயரும் அதில் இருந்தன. பெப்ரவரி முதல் கிழமை அவர்கள் கொழும்புக்குப் புறப்பட்ட காலையில் பீற்றிஸ் ரயில் நிலையத்துக்குப் போனாள். காத்தான்குடியில் பாதி அங்கே நின்றது. ஆயிஷா உம்மா பெட்டிக்குள் சன்னலோரம் இருந்து ஒவ்வொருவரின் கையையும் பிடித்து விடைபெற்றுக்கொண்டிருந்தாள். பீற்றிஸின் கையை மற்றவர்களுடையதைவிடச் சற்று அதிக நேரம் பிடித்திருந்தாள். பதியுதீன் வெள்ளை உடுப்பும் புதுத் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தார். பயணம் நெருங்க நெருங்க மூன்று நாளாகவே அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று ஆயிஷா உம்மா முறையிட்டாள். தூத்துக்குடிக் கடனைத் தவணை தவணையாக அனுப்ப அனுமதி கேட்டு எழுதியிருந்தார். இன்னும் பதில் இல்லை.

ரயில் புறப்பட இன்னும் ஐந்து நிமிடம் இருக்கையில் ஸஹீதா சனத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். தபால் கந்தோர் திறந்ததும் நேரே அங்கே போய், வீட்டுக்கு வரவேண்டிய கடிதத்தைக் கையோடு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"வாப்பா! குடுத்திட்டாங்க! மூணு மாசத்துக்கு ஒருக்கா ஆயிரம் ரூபா அனுப்பலாம். முதல் ஆயிரத்த இந்த மாசமே அனுப்பலாமாம்!"

பதியுதீன் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். ஆங்கிலத்தில் இருந்தது, அவருக்கு வாசிக்கத் தெரியாது. சன்னல் வழியாகப் பீற்றிஸிடம் நீட்டினார். அவள் வாசித்துத் தலையாட்டினாள்.

"சரிதான் முதலாளி. சந்தோசமாப் போயிட்டு வாங்க."

"மகள், பாங்குக்கு இண்டைக்கே போ. நாளைக்கு எண்டு இரிக்காத."

"இப்பவே போறன் வாப்பா."

அவர் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பி, "அந்தச் சோத்துப் பொதி எங்க? பசிக்கி" என்றார்.

ஆயிஷா உம்மா சிரித்துக்கொண்டே பையைத் திறந்தாள். ரயில் நகரத் தொடங்கியபோது அவர் வாழையிலைப் பொதியை மடியில் விரித்து வைத்து, ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டு, மறு கையைச் சன்னலுக்கு வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டிருந்தார்.